தொலைந்துபோனால் தண்ணீர்ப் பக்கம் வந்து நில்

1

சவுரியப்பன் எனக்குத் தரவேண்டியது பதினெட்டு யூரோ அறுபது சென்ட். இந்தக் கதை பிறந்தது அந்தக் கடனில்தான்.

ரூபாயில் எவ்வளவு என்று கேட்காதீர்கள். சம்பள நாள்தோறும் நாங்கள் சண்டை போடுவதே அதற்காகத்தான். கடன் பட்ட நாளின் விலைக்குத் தருவேன் என்பான் அவன். தருகிற நாளின் விலைக்குத் தா என்பேன் நான். இரண்டு வருடமாக யூரோ ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருக்கிறது, நாங்கள் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறோம்.

நாங்கள் இருவரும் இண்டூருக்குப் பக்கத்தில் ஒரு கிரானைட் பட்டறையில் வேலை செய்கிறோம். கல்லை அறுப்பது, பாலிஷ் போடுவது, தூக்கி அடுக்குவது. தூக்கும்போது ஒரு முனையில் நான், மறுமுனையில் அவன். அவன் கையை விட்டால் என் கால் போகும். நான் விட்டால் அவன் கால். இருபது வருடமாக இரண்டு பேரின் கால்களும் இருக்கின்றன.

முந்தின வருடத்துக்கு முந்தின வருடம் முதலாளி எங்களை ஸ்பெயினுக்கு அனுப்பினார். காதிஸ் என்கிற பழைய கடலோர ஊர். அதற்கு வெளியே யாரோ கட்டிய பங்களாவுக்கு எங்கள் பட்டறையிலிருந்து போன கல்லை நாங்களே பதிக்க வேண்டும். கூட சூப்பர்வைசர் மாதவராஜ் வந்தார். வேலை முடிந்து, ஊர் திரும்புகிற அன்று பகல் முழுக்க ஓய்வு கொடுத்தார். அந்த ஒரு பகலில் பழைய ஊரை நடந்து பார்க்கப் போனோம். போன இடத்தில் நான் சவுரியை விட்டுத் தொலைந்தேன். அல்லது சவுரி என்னை விட்டுத் தொலைந்தான்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பணம் எனக்கு வேண்டாம். ஒன்று தெரிந்தால் போதும். அன்றைக்கு அவன் என்னைத் தேடினானா, இல்லை மீன் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தானா? இதைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் ஒரு கிரானைட் ஸ்லாப்பின் ஒரு முனையைப் பிடித்துப் பாருங்கள். திரும்பி வந்ததிலிருந்து, கல்லைத் தூக்கும் முன் அவன் கையை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். அதற்கு முன்னால் நான் பார்த்ததே இல்லை.

2

இந்தக் கதைக்கு இது மூன்றாவது தொடக்கம். முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

“கதிரவன் தன் பொற்கரங்களால் காதிஸ் நகரின் மாடமாளிகைகளைத் தழுவிய அந்த இனிய காலைப் பொழுதில்”

அதற்கு மேல் போகவில்லை. பாஞ்சாலி படித்துவிட்டுச் சிரித்தது.

(பாஞ்சாலி எங்கள் ஊரில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கிற பெண். பகலில் ரேஷன் கடையில் எடை போடும். ஸ்பெயினுக்குப் போகும்போது எனக்குக் கையெழுத்து மட்டும்தான் தெரியும். மீதி எழுத்தெல்லாம் திரும்பி வந்த பிறகு பாஞ்சாலியிடம் கற்றது. பாலிஷ் மெஷினைப் பிடித்த கை என்பதால் சாயங்காலம் பேனா நடுங்கும். அதனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அடுக்கி வைத்த கல்லின் நிழலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.)

“அண்ணா, இந்தக் கதிரவன எங்கிருந்து புடிச்சீங்க?” என்று கேட்டது.

“புத்தகத்துல இப்படித்தானம்மா போடறாங்க.”

“அன்னிக்கி வெயில் எப்படி இருந்துச்சுங்க?”

“கண்ணு கூசிச்சு.”

“அத எழுதுங்க.”

இரண்டாவது தொடக்கத்தில் காதிஸின் வரலாற்றைப் போட்டேன். மூவாயிரம் வருடத்துப் பழைய ஊர், கப்பல் வியாபாரிகள் உண்டாக்கியது என்று மாதவராஜ் ஃபோனைப் பார்த்து எங்களுக்குச் சொன்னது. பாஞ்சாலி அதையும் ஒதுக்கிவிட்டது. “இது ஃபோன்லயே இருக்குதேண்ணா. ஃபோன்ல இல்லாதது எதுனா உங்ககிட்ட இருக்குதா?”

யோசித்துப் பார்த்தேன். ஃபோனில் இல்லாததாக என்னிடம் இருந்தது சவுரியப்பன் தரவேண்டிய பதினெட்டு யூரோ அறுபது சென்ட்தான்.

3

நடந்ததைச் சொல்கிறேன்.

பழைய ஊரின் கோட்டை வாசலில் எங்களை இறக்கிவிட்டு மாதவராஜ் சொன்னார்: “சாயங்காலம் ஆறு மணிக்கு வேன் இதே எடத்துல நிக்கும். நேரா ஏர்போர்ட்டு. வர்லன்னா விட்டுட்டுப் போயிருவன்.” மஞ்சள் வேலைச்சட்டையைக் கழற்ற வேண்டாம் என்றும் சொன்னார். “அத போட்டுக்கினு இருந்தா எவனும் ஒண்ணும் கேக்கமாட்டான்.”

காலில் மாதவராஜ் வாங்கித் தந்த புது ஷூ. இருவருக்கும் ஒரே கடையில், ஒரே மாதிரி, ஊர் திரும்பும்போது புதிதாக இருக்கட்டும் என்று முந்தின நாள் வாங்கியது. சவுரி அதை டக் டக்கென்று தட்டி நடந்தான்.

எங்கள் புத்தியையும் சொல்ல வேண்டும். எல்லாம் ஒருவனிடமே இருந்தால் அவன் தொலையும்போது எல்லாம் போய்விடும் என்று பிரித்துக்கொண்டோம். இரண்டு பாஸ்போர்ட்டும் சவுரியிடம். பணம் என்னிடம். பணம் என்றால் என் பணம். அவனுக்குக் கிடைத்த படிக்காசை எல்லாம் மகள்களுக்குச் சாக்லேட்டும் சென்ட்டும் வாங்கி முதல் வாரத்திலேயே முடித்திருந்தான். ஃபோன் இரண்டு பேரிடமும் உண்டு. ஆனால் அது வேலைத்தளத்து வைஃபையில்தான் பேசும். வெளியே வந்தால் வெறும் டார்ச் லைட்.

இறங்கி நின்றதும் இன்னொன்றும் பேசிக்கொண்டோம். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போனால் எங்கள் பக்கத்து ஆட்கள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சொல்லிக்கொள்வது: “தொலைஞ்சு போனா தண்ணிகிட்ட வந்து நில்லு.” அவ்வளவு கூட்டத்திலும் அது தப்பியதில்லை. ஆற்றங்கரைக்கு வந்து நின்றால், தேடுகிறவனும் அங்கேதான் வருவான். பழக்கதோஷத்தில் சவுரி அதைச் சொன்னான். பழக்கதோஷத்தில் நானும் தலையாட்டினேன்.

ஊருக்குள் நுழைந்தோம்.

தெருக்கள் குறுகல். இந்தப் பக்கத்து மாடிக்காரர் எதிர் மாடிக்காரருக்கு உப்பைக் கையால் கொடுக்கலாம். மேலே கொடியில் துணி காய்கிறது. தலைக்கு மேல் எங்கே பார்த்தாலும் சின்னச் சின்னக் கோபுரம். கப்பல் வருகிறதா என்று பார்க்க அந்தக் காலத்து வியாபாரிகள் வீட்டுக்கு வீடு கட்டிக்கொண்டதாம்.

ஊர் மதிலைத்தான் நாங்கள் அதிக நேரம் பார்த்தோம். கல் தொழில் செய்கிறவர்கள் வேறு எதைப் பார்ப்போம்? கிட்டே போனால் கல்லுக்குள் முழுக்கச் சிப்பி. கடல் சிப்பி, கிளிஞ்சல், நத்தைக் கூடு, எல்லாம் ஒட்டிக் கிடக்கின்றன. சவுரி நகத்தால் சுரண்டிவிட்டு என் பக்கம் திரும்பினான்.

“மாது, இது கல்லாடா? கடல முட்டாய்.”

“இதுல ஒரு ஊரே கட்டியிருக்கறானுங்க.”

“நம்ம மெஷின காட்டினாலே உதுந்துரும். பாலிஷ் வேற போடுவியா நீ?”

தெருமுனைகளில் பழைய பீரங்கிகளைப் பாதி புதைத்து நட்டிருக்கிறார்கள். வண்டிச் சக்கரம் வீட்டுச் சுவரை இடிக்காமல் இருக்கவாம். சவுரி அதன் மேல் ஒரு காலை வைத்து நின்றான். “எங்க பெரியப்பன் வூட்டு முக்குல ஒடஞ்ச ஆட்டுக்கல்ல நட்டு வெச்சிருக்காரு, லாரிக்காரன் இடிக்கறான்னு. பாவம், அந்தாளுக்குப் பீரங்கி கெடைக்கல.”

மஞ்சள் சட்டை போட்டால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்றார் மாதவராஜ். எல்லோரும் கேட்டார்கள். நாய்க்குட்டியைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு அம்மா எங்களை நிறுத்தி, தரையில் ஆடுகிற ஒரு கல்லைக் காட்டி, மூச்சு விடாமல் திட்டினார். எங்களை அந்த ஊர் முனிசிபாலிட்டி ஆட்கள் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. சவுரி கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரை கேட்டான். பிறகு சுத்தமான தமிழில், “சரிங்கம்மா, நாளைக்கே ஆள் அனுப்பி வெக்கறங்க” என்றான். அந்த அம்மாவுக்குத் திருப்தி. நாய்க்குட்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

* அந்தக் கல்லைச் சரிசெய்துவிட்டு வந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. கதையில் சரிசெய்ததாக எழுதலாமா என்று பாஞ்சாலியிடம் கேட்டேன். “செஞ்சீங்களா?” என்றது. இல்லை என்றேன். “அப்ப ஆடட்டும் விடுங்க” என்றது. ஆடிக்கொண்டிருக்கிறது.

4

மீன் மார்க்கெட்டில் பிரிந்தோம்.

பெரிய மார்க்கெட். ஆள் உயரத்துக்கு ஒரு மீனைப் பலகையில் கிடத்தி, ஒருவன் அறுத்துக்கொண்டிருந்தான். நடு எலும்பு வந்ததும் கத்தியை மாற்றினான், கோணத்தை மாற்றினான், தண்ணீர் விட்டான். நாங்கள் கல் அறுக்கிற அதே வேலைதான். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். “இத பாரு சவுரி, தண்ணி கூட விடறான்” என்று திரும்பினால் பக்கத்தில் சவுரி இல்லை. கூடை வைத்திருந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

சவுரி அந்த நேரத்தில் எங்கே போனான் என்பதை அவன் நான்கு விதமாகச் சொல்லியிருக்கிறான். இறால் போட்டு வலை மாதிரி மொறுமொறுவென்று ஒரு அடை சுடுகிறார்களே, அதைப் பார்க்கப் போனதாக ஒன்று. ஒன்றுக்குப் போனதாக ஒன்று. நான்தான் அவனை விட்டுப் போனேன் என்று ஒன்று. நான்காவதை அவனே மறந்துவிட்டான்.

மார்க்கெட்டைச் சுற்றிப் பார்த்தேன். கத்தினேன். ஒரு வாசல் வழியாக வெளியே வந்தேன். பயம் இல்லை. பேசி வைத்தது இருக்கிறதே. தண்ணீர் எந்தப் பக்கம் என்று பார்த்தேன். தெருக்கோடியில் நீலமாகத் தெரிந்தது. போய் நின்றேன்.

5

அந்தக் கடற்கரையைப் பற்றி நான் எழுதி எழுதி விட்டுவிட்ட வரிகள்:

கடல் என்பது

முதன்முதலாகக் கடலைக் கிட்டத்தில் பார்த்த ஒரு கூலிக்காரனின் நெஞ்சம்

அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஏதோ

(ஏதோ என்று வந்தால் எனக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். அதனால் விட்டேன்.)

தெரிந்ததை எழுதுகிறேன். சின்னக் கடற்கரை. இரண்டு பக்கமும் கோட்டை. நடுவில் படகுகள். மணலில் மேசை போட்டு வயதான பெண்கள் சிலர் ஏதோ எண்களைச் சொல்லி விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் என் மஞ்சள் சட்டையைப் பார்த்துவிட்டு ஒரு நாற்காலியைத் தள்ளிவிட்டார். உட்கார்ந்தேன். சவுரி வருவான் என்று தெருப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் வரவில்லை. வெயில் நகர்ந்தது. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக் கடலைப் பார்த்தேன். இந்தக் கோட்டைக்கு அந்தப் பக்கமும் தண்ணீர். அந்தக் கோட்டைக்கு அப்பாலும் தண்ணீர். அப்போதுதான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன். காலையில் ஒரு தெரு நேராகப் போய்த் தண்ணீரில் முடிந்ததைப் பார்த்தோம். அது வேறு பக்கம். மதிலைப் பார்த்தோமே, அதற்குக் கீழேயும் தண்ணீர். அது இன்னொரு பக்கம்.

நாங்கள் ஆற்றுக்காரர்கள். தண்ணீர் என்றால் ஒரு கரை நமக்கு, மறு கரை கர்நாடகாவுக்கு. வேலைத்தளத்திலிருந்து கடல் ஒரு நீலக் கோடாகத் தெரியும், அவ்வளவுதான் எங்களுக்குக் கடல். ஒரு ஊரைத் தண்ணீர் இப்படிச் சுற்றி வளைத்துக்கொண்டு கிடக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. தண்ணீர் பக்கம் வா என்று அந்த ஊரில் சொல்வதும், எங்கேயாவது வா என்று சொல்வதும் ஒன்றுதான்.

சவுரி எங்கேயோ ஒரு தண்ணீருக்குப் பக்கத்தில் நின்று என்னைத் திட்டிக்கொண்டிருப்பான். அவனிடம் என் பாஸ்போர்ட் இருக்கிறது. ஆறு மணிக்கு வேன்.

6

கரையோரமாகவே நடந்தால் எங்கேயாவது அகப்படுவான் என்று கிளம்பினேன். ஊர் வலக்கைப் பக்கம், கடல் இடக்கைப் பக்கம். எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்று நான் யோசிக்கவே இல்லை. கோயிலைச் சுற்றுகிறவன் யோசிப்பானா? கால் தானாக வலமாகப் போயிற்று.

மதில் மேல் தூண்டில்காரர்கள் வரிசையாக நிற்கிறார்கள். கீழே பாறை இடுக்குகளில் பூனைகள், விழுகிற மீனுக்காக. ஒரு பூங்காவில் நம் ஆலமரம் மாதிரி ஒன்று, நாலு யானையைச் சேர்த்துக் கட்டிய தடிமன். பிறகு துறைமுகத்து வேலி. பிறகு கோட்டை வாசல். வேன் இன்னும் வரவில்லை. பிறகு மறுபடி கடல், மதில், கடைசியில் அதே கடற்கரை, அதே மேசை. நாற்காலி கொடுத்த பெண் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

சவுரி இல்லை. மறுபடி கிளம்பினேன். மறுபடியும் வலமாகத்தான்.

இரண்டாவது சுற்றில் ஷூ கடிக்கத் தொடங்கியது. யானை மரத்துக்குப் பக்கத்தில் வரும்போது குதிகால் எரிந்தது. பாஸ்போர்ட் இல்லாதவன் இந்த ஊரில் என்ன ஆவான் என்று யோசித்துக்கொண்டே நொண்டினேன். மஞ்சள் சட்டை இருக்கிறது. இங்கேயே முனிசிபாலிட்டி ஆளாக இருந்துவிட வேண்டியதுதான். அந்த நாய்க்குட்டி அம்மாவின் கல்லில் தொடங்கி, ஒவ்வொரு தெருவாகச் சரிசெய்து, கிழவனாகி, இந்தக் கடலை மிட்டாய் மதிலுக்குள்ளேயே செத்துப்போவேன். சவுரி ஊரில் போய் என் வீட்டுக்காரியிடம், “தண்ணிகிட்ட வந்து நிக்கச் சொன்னன், வர்ல” என்பான்.

சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. இரண்டையும் எழுதிவிடு என்று பாஞ்சாலி சொன்னதால் எழுதுகிறேன்.

7

துறைமுகத்துக்கு முன்னால் ஒரு திருப்பத்தில் வாசனை வந்தது. சீரகம். எண்ணெயில் பொரிகிற மீனும் சீரகமும்.

அந்த வாசனை எனக்கு ஒகேனக்கல்லில்தான் தெரியும். பஸ் ஸ்டாண்டிலிருந்து அருவிக்கு நடக்கும்போது இரண்டு பக்கமும் தட்டில் மசாலா தடவி வைத்திருப்பார்களே, அது. கடலோரத்தை விட்டுவிட்டு மூக்கு போன வழியில் போனேன். ஒரு சந்து, இன்னொரு சந்து. சின்னக் கடை. வாசலில் ஒரு முக்காலியில் மஞ்சள் சட்டை.

கையில் கூம்பாகச் சுருட்டிய காகிதம். அதில் பொரித்த மீன். வாயெல்லாம் எண்ணெய்.

“எங்கடா போன?” என்றான் சவுரி. “மீனு ஆறுது.”

நான் திட்டியதை இங்கே எழுத முடியாது. பாஞ்சாலி படிக்கும்.

கடைக்காரப் பெண் கையைக் கட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் அலமாரியில், உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில், இரண்டு பாஸ்போர்ட் இருந்தன. என்னுடையதும் அவனுடையதும்.

“அது ஏண்டா அங்க கீது?”

“காசு உங்கிட்ட இருக்குது. பசிச்சுது. நானேதான் குடுத்து வெச்சன், வாங்கிக்கம்மா, ஆள் வந்ததும் மூட்டுக்கறன்னு.”

“இந்தியா பாஸ்போர்ட்ட மீனுக்கு அடகு வெச்சியாடா?”

“ரெண்டுக்கும் சேத்து நல்ல மீனா குடுத்துச்சு. நீயும் தின்னு.”

தின்றேன். அதை மறைக்கவில்லை. புளிப்பும் சீரகமும் ஏறிய மீன். இன்னொரு கூம்பும் வாங்கினோம். பதினெட்டு யூரோ அறுபது. இருபது யூரோ தாளைக் கொடுத்து மீதி வாங்கி, பாஸ்போர்ட்டையும் வாங்கி, ஓடினோம். சவுரி ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலில் ஓடினான். கோட்டை வாசலில் வேன் உறுமிக்கொண்டிருந்தது. மாதவராஜ் எங்கள் வாயை முகர்ந்து பார்த்துவிட்டு, “எனக்கு?” என்றார்.

* கடைக்காரப் பெண்ணுக்கு முதலில் ஒரு பெயர் வைத்திருந்தேன். கடலில் போய்த் திரும்பாத ஒரு கணவனையும் கொடுத்திருந்தேன். கதை கனமாக இருக்கட்டும் என்று. பிறகு வெட்கமாகிவிட்டது. நமக்கு மீன் கொடுத்தவரின் புருஷனை நாம் ஏன் சாகடிக்க வேண்டும்? எடுத்துவிட்டேன். அவர் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கட்டும்.

8

இங்கேதான் கதை முட்டிக்கொண்டு நிற்கிறது. நாங்கள் பிரிந்ததற்கும் சேர்ந்ததற்கும் நடுவில் சவுரி என்ன செய்தான்?

டீக்கடை முடிவு: இது பட்டறை ஆட்கள் எல்லாம் இருக்கும்போது சவுரி சொல்வது. “நான் பாட்டுக்கு மீன் தின்னுக்கினு உக்காந்திருந்தன். இவன் அந்த ஊர ரெண்டு சுத்து சுத்தி வந்தான், நேத்திக்கடன் மாதிரி.” எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வேறு என்ன செய்வது?

தனி முடிவு: இது நாங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது சொல்வது. “நானும் சுத்தினன்டா. ரெண்டு சுத்து. வலமாத்தான். எங்க கோயில் சப்பரமும் வலமாத்தான் வரும்.” ஒருவன் பின்னால் ஒருவனாக, செக்கு மாடு இரண்டு மாதிரி, ஒரே பக்கமாகச் சுற்றினால் எப்படிச் சந்திப்பது? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்த வாயிலேயே கேட்பான்: “தேடினன்னு ஆயிட்டா கடன் தள்ளுபடிதான?” உடனே நான் நம்புவதை விட்டுவிடுவேன்.

மூன்றாவது முடிவு: பாஞ்சாலி சொன்னது. பாதி தேடி, பாதி தின்றிருப்பார். “எல்லாரும் அப்படித்தானேண்ணா.” நியாயமான முடிவுதான். ஆனால் ஸ்லாப்பைப் பாதி பிடிக்க முடியாதே.

இந்த மூன்றில் ஒன்றைப் போட்டு முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். சவுரியை நல்லவனாக்கினால் கதை பொய் மாதிரி இருந்தது. மோசமானவனாக்கினால் ஆள் சவுரி மாதிரியே இல்லை.

9

ஏழாம் பகுதியைச் சுத்தமாகத் திருப்பி எழுதிக்கொண்டிருந்தேன். “சவுரி ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு” என்று எழுதியதும் பேனா நின்றது.

இந்தக் கதையை நான் எத்தனையோ பேரிடம் வாயால் சொல்லியிருக்கிறேன். ஷூவைக் கையில் பிடித்து ஓடியதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். அதனால் விடாமல் சொல்வேன். ஏன் கையில் பிடித்தான் என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை. வாய் ஓடிவிடும். பேனா அப்படி ஓடாது, அதிலும் என் பேனா ஓடவே ஓடாது. “ஷூவை” என்று எழுதி முடிப்பதற்குள் அந்த ஷூவை நன்றாகப் பார்த்துவிடலாம்.

பார்த்தேன். என் ஷூவும் அவன் ஷூவும் ஒரே கடை. காலையில் சேர்ந்து நடந்தபோது இருவருக்கும் ஒன்றும் இல்லை, அவன் டக் டக்கென்று தட்டினான். எனக்குக் கடித்தது இரண்டாம் சுற்றில்தான். முக்காலியில் உட்கார்ந்து மீன் தின்றவனுக்கு எப்போது கடித்தது? ஏர்போர்ட்டில் அவன் வெறுங்காலோடு நின்றதும், குதிகாலில் தோல் உரிந்து கிடந்ததும் அப்புறம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன.

பாஞ்சாலியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். எடை போட்டுக்கொண்டே கேட்டது. “அவருக்கு சைசு சின்னதா இருந்திருக்கும்ணா.”

“உனுக்கு ஒண்ணுமே புடிக்காதாம்மா?”

“இல்லீங்ணா, நான் படிக்கறவங்க பக்கம் நின்னு கேக்கறன்.”

அதனால் படிக்கிறவர்களே, சைஸ் சின்னதாக இருந்திருக்கலாம் என்பதையும் இங்கே சேர்த்துவிட்டேன். எனக்கு அது தேவையில்லை. மறுநாள் மதியம் இதுவரை எழுதியது எல்லாவற்றையும் சவுரிக்குப் படித்துக் காட்டினேன். தட்டுத்தடுமாறித்தான். கடலை மிட்டாய் வந்தபோது சிரித்தான். பாஸ்போர்ட் வந்தபோது, “இத எழுதணுமா? முதலாளி படிச்சா?” என்றான். ஷூ வந்தபோது காலை மடக்கி உட்கார்ந்துகொண்டான்.

“ஷூ எப்படா கடிச்சுது?” என்றேன்.

“கடிக்கும்போது கடிக்கும்.”

“சரி. கடன் தள்ளுபடி.”

“எனக்கெதுக்குத் தள்ளுபடி? நான் என்ன சொசைட்டியில வாங்கினனா?” என்று ரோஷமாக எழுந்தான். “மீனுல பட்ட கடன், மீனுல தீத்துர்றன். ஞாயித்துக்கெழம ஒகேனக்கல் வா.”

10

ஞாயிற்றுக்கிழமை போனோம். பஸ்ஸில் நல்ல கூட்டம். இறங்கும்போது வழக்கம்போல என் வாயில் வந்துவிட்டது.

“தொலைஞ்சு போனா?”

“தண்ணிகிட்ட வந்து தொலையாத,” என்றான் சவுரி. “மீன் கடைக்கி வா.”

அருவிக்குப் போகிற வழியில் ஒரு கடையில் உட்கார்ந்தோம். கடைக்கார அக்கா மசாலா தடவிய மீனைக் காட்டினார். எது எது என்று சவுரியே கை நீட்டிச் சொன்னான். நான் விலை கேட்க வாயைத் திறந்தேன், தொடையில் தட்டி உட்கார வைத்தான். வந்தது. தின்றோம். சீரகம் கொஞ்சம் தூக்கல். இரண்டாம் தட்டும் வந்தது. எழுந்து போய் அவனே காசு கொடுத்துவிட்டு, மீதியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

“தீந்துதா?” என்றான்.

“தீந்துது.”

“கணக்கு நேரா?”

“நேர்தான்.”

கொஞ்ச நேரம் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தான். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னான்: “கதையில என்ன வேணா எழுதிக்க. அடகு வெச்சத எழுது, பரவால்ல. நான் அந்த யான மரத்துகிட்ட உக்காந்து அழுதத மட்டும் எழுதாத.”

நான் மீனைத் தட்டில் வைத்தேன்.

“நீ எப்படா அழுத?”

சவுரி நிமிர்ந்து பார்த்தான். இதை என்னிடம் சொன்னதே இல்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. நாங்கள் சேர்ந்து நடந்தபோது அந்த மரத்தின் பக்கம் போகவே இல்லை. அது மார்க்கெட்டுக்கும் அப்பால், கடலோரச் சுற்றில் இருக்கிறது. மரத்தின் பேரை நான் படித்துக் காட்டியதில் கேட்டிருப்பான், ஆனால் அங்கே போய் உட்கார்ந்தவன் சுற்றினவனாகத்தான் இருக்க முடியும். சவுரி கடைப் பக்கம் திரும்பி, “அக்கா, ஒரு தண்ணி பாட்டிலுங்க” என்று கத்தினான், பக்கத்திலேயே ஒன்று முழுசாக இருந்தும்.

இந்தக் கதைக்கு எந்த முடிவைப் போடுவது என்று பாஞ்சாலி கேட்கிறது. நான் போடப்போவதில்லை. டீக்கடை முடிவு, தனி முடிவு, பாதிப் பாதி முடிவு, மூன்றும் எட்டாம் பகுதியில் இருக்கின்றன. உங்களுக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். யானை மரத்தைப் பற்றி அவன் எழுதாதே என்றான். அதனால் நான் எழுதவில்லை, நீங்கள் படிக்கவும் இல்லை. பட்டறைப் பக்கம் வந்தால் அவனிடம் அதைக் கேட்டுவிடாதீர்கள்.

திங்கட்கிழமை காலையில் பெரிய ஸ்லாப் ஒன்று லாரியில் ஏற வேண்டியிருந்தது. ஒரு முனையில் நான் குனிந்தேன். “தூக்கு” என்றேன். தூக்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது, அவன் கையை நான் பார்க்கவில்லை.

பதினெட்டு யூரோ அறுபது சென்ட், தீர்ந்தது.